விட்டுச் செல்வதும் கைவிடுவதும்

பத்ரிநாத யாத்திரைக்கான ஏற்பாடுகள் யாவும் முடிந்திருந்தன. புனே நகரில் வாழும் ஓய்வுபெற்ற தம்பதியர் பல ஆண்டுகளாக எண்ணியிருந்த யாத்திரை அது. ரயில் பயணச்சீட்டு, யாத்திரைப் பதிவு, கம்பளி உடைகள், மருந்துகள் எல்லாம் தயார். எஞ்சியிருந்தது ஒன்றுதான்: ஒன்பது ஆண்டுகளாக அவர்கள் வீட்டில் வளரும் மோத்தி என்னும் நாய். மழை நாளொன்றில் தெருவோரத்தில் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியை எடுத்துவந்து வளர்த்தார்கள். மகன் வெளிநாடு சென்ற பிறகு அந்த வீட்டின் கலகலப்பே அதனால்தான். பன்னிரண்டு நாட்களுக்கு அதை நகருக்கு வெளியே உள்ள நாய்கள் காப்பகம் ஒன்றில் விடுவதென்று தீர்மானித்து, முன்பணமும் கட்டியாயிற்று.

பெட்டிகளை எடுத்துவைத்த நாள் முதல் மோத்தி அவற்றின் அருகிலேயே படுத்துக்கொண்டது. உணவைப் பாதியில் விட்டது. அம்மையாருக்கு மனம் பொறுக்கவில்லை. ஊரிலுள்ள ஆசிரமத்தில் வாராந்திர சத்சங்கம் முடிந்ததும், அங்கிருந்த முதிய துறவியிடம் கேட்டார்: “மகராஜ், வாயில்லாத ஜீவனைத் தவிக்கவிட்டுப் போய் இறைவனைத் தரிசிப்பது புண்ணியமா, பாவமா?”

கணவருக்கோ இக்கேள்வியே மிகையாகத் தோன்றியது. “நாயின்மேல் வைத்த பற்று தீர்த்த யாத்திரைக்கே தடையாகலாமா, மகராஜ்? மான்குட்டியால் பரதருக்கு நேர்ந்தது போதாதா?” என்றார்.

துறவி இருவருக்குமே உடனே விடை கூறவில்லை. “மோத்தியை யாரிடம் விட்டுச் செல்கிறீர்கள்? அவர் பெயர் என்ன?” என்று மட்டும் கேட்டார்.

காப்பகத்தின் பெயர் இருவருக்கும் தெரியும். ஒரு நாள் கட்டணமும் தெரியும். மோத்திக்கு உணவு வைக்கப்போகும் மனிதரின் பெயர் தெரியவில்லை.

புதிய சூழல், பழைய கேள்வி

முற்காலத்தில் இக்கேள்வி இவ்வடிவில் எழவில்லை. வீட்டில் பசுவும் பூனையும் நாயும் இருந்தன. ஆனால் வீடு என்றும் காலியாக இருந்ததில்லை. பாட்டியோ, விதவை அத்தையோ, பண்ணையாளோ யாராவது ஒருவர் இருந்தார்கள். நாயும் ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதாக இல்லாமல் தெருவுக்கே உரியதாக இருந்தது. ஒரு வீட்டின் கதவு அடைத்திருந்தால் அடுத்த வீட்டின் சோறு அதற்குக் கிடைத்தது.

இன்று பெருநகர அடுக்குமாடி வீட்டில் வளரும் பிராணிக்கு அப்படி அடுத்த வாசல் இல்லை. அது உண்பது, உலவுவது, மலஜலம் கழிப்பது எல்லாமே ஓரிரு மனிதரின் கையில் இருக்கின்றன. அவர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு சென்றால் அதன் உலகமே பூட்டப்படுகிறது. இத்தகைய முழுமையான சார்பு இயற்கையாக ஏற்பட்டதன்று. மனிதனே தன் மகிழ்ச்சிக்காக ஏற்படுத்தியது. காட்டிலுள்ள மானுக்கு மனிதன் செய்யவேண்டிய கடமை பெரும்பாலும் தீங்கிழைக்காமல் இருப்பதுதான். ஆனால் தன்னைத் தவிர வேறு கதியில்லை என்ற நிலைக்குத் தானே கொண்டுவந்துவிட்ட உயிரிடம் அவன் கடமை அத்துடன் முடிவதில்லை.

அந்த வகையில், கட்டணம் பெற்றுப் பிராணிகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகங்கள் தோன்றியிருப்பது ஒரு தேவையை ஒட்டியே. தீபாவளி, கோடை விடுமுறை, ஆண்டின் இறுதி ஆகிய நாட்களில் அவற்றில் இடம் கிடைப்பது அரிது. அவற்றைப் பழிப்பதில் பொருளில்லை. நோய், மரணம், அலுவல், யாத்திரை என்று மனிதன் வீட்டைவிட்டுச் செல்ல வேண்டியிருக்கிறது. அம்மையாரின் கேள்விக்கு உட்பொருள் வேறு. தன்னை நம்பியிருக்கும் உயிரைப் பிறர் கையில் விட்டுச் செல்லும்போது, மனிதன் எதைச் செய்கிறான்? ஒப்படைக்கிறானா, கைகழுவுகிறானா?

மானும் நாயும்

கணவர் நினைவுகூர்ந்த பரதரின் வரலாறு ஸ்ரீமத் பாகவதத்தின் ஐந்தாம் ஸ்கந்தத்தில் உள்ளது. அரசைத் துறந்து கண்டகி நதிக்கரையில் தவம் புரிந்துகொண்டிருந்தார் பரதர். சிங்கத்தின் கர்ஜனை கேட்டு அஞ்சிய பெண்மான் ஒன்று நதியைத் தாண்டப் பாய்ந்தது. அப்போது அதன் கருவிலிருந்த குட்டி நழுவி நீரில் விழுந்தது. தாய்மானும் இறந்தது. பரதர் அக்குட்டியை எடுத்து வளர்த்தார். நாளடைவில் பூஜை நின்றது, தியானம் நின்றது. மான் சற்று நேரம் கண்ணில் படாவிட்டால் அவர் புலம்பலானார். இறுதி வேளையிலும் அதையே நினைத்து, மானாகவே பிறந்தார்.

இதைக் கேட்பவர் பலர், குட்டியைக் காப்பாற்றியதே பரதரின் பிழை என்று கொள்கின்றனர். பாகவதம் அவ்வாறு கூறவில்லை. நீரில் அடித்துச் செல்லப்படும் குட்டியைக் கண்டும் கண்மூடித் தியானத்தில் அமர்ந்திருந்தால் அது தவமாகாது, கல்மனமே ஆகும். பிழை பின்னால் வந்தது. “இதற்கு நான் தேவை” என்பது மெல்ல மெல்ல “எனக்கு இது தேவை” என்று மாறியது. கருணையாகத் தொடங்கியது மமதையாக முடிந்தது.

மற்றொரு வரலாறு மகாபாரதத்தின் மகாபிரஸ்தானிக பருவத்தில் வருகிறது. பாண்டவர் ஐவரும் திரௌபதியும் அனைத்தையும் துறந்து வடதிசை நோக்கி நடந்தபோது ஒரு நாயும் உடன் நடந்தது. யாரும் அதை அழைக்கவில்லை. வழியில் திரௌபதி வீழ்ந்தாள். பின்னர் சகாதேவன், நகுலன், அர்ஜுனன், பீமன் என ஒவ்வொருவராக வீழ்ந்தனர். தருமபுத்திரர் திரும்பிப் பாராமல் நடந்தார். இந்திரன் தேருடன் வந்து அவரை ஏறச் சொன்னபோது, நாயும் ஏறவேண்டும் என்றார். நாய்க்குச் சுவர்க்கத்தில் இடமில்லை என்றான் இந்திரன். தம்மை அண்டி வந்ததை விட்டுவிட்டுத் தாம் மட்டும் வருவதற்கில்லை என்று உறுதியாக நின்றார் தருமர்.

அப்போது இந்திரன் கூர்மையான ஒரு கேள்வி எழுப்பினான்: மனைவியையும் தம்பியரையும் விட்டுவிட்டு வந்தவர் ஒரு நாயை விட மறுப்பது ஏன்? தருமரின் விடை ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. இறந்தவரோடு உறவும் இல்லை, பகையும் இல்லை. அவர்களை உயிர்ப்பிக்கத் தம்மால் இயலவில்லை. அதனால்தான் அவர்களை விட்டு வந்தார். அவர்கள் உயிரோடு இருக்கும்வரை விடவில்லை. இந்த நாயோ உயிரோடு இருக்கிறது, தம்மை அண்டியும் இருக்கிறது.

பரதருக்கு மான் வேண்டியிருந்தது. தருமருக்கு அந்த நாயால் ஆகவேண்டியது எதுவும் இல்லை. அது அவருக்குச் செல்லப்பிராணியும் அல்ல. அதன்மேல் அவருக்கு மோகம் இருந்ததாக வியாசர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. ஆனாலும் சுவர்க்கத்தையே மறுத்து அவர் நின்றார். பற்று இல்லாத இடத்திலும் பொறுப்பு இருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. பற்றைத் துறக்கிறேன் என்று சொல்லிப் பொறுப்பைத் துறப்பவர் பரதரின் வரலாற்றைத் துணைக்கு அழைப்பது பொருந்தாது.

அன்னை காட்டிய வழி

தருமருக்கு இரண்டே வழிகள்தாம் இருந்தன: உடன் அழைத்துச் செல்வது அல்லது விட்டுவிடுவது. இல்லறத்தாருக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. தகுந்தவரிடம் ஒப்படைத்துச் செல்வது. அதை எவ்வாறு செய்யவேண்டும் என்பதை அன்னை ஸ்ரீ சாரதாதேவியாரின் வாழ்க்கையிலிருந்து அறியலாம்.

ஜெயராம்பாடியில் அன்னையின் வீட்டில் பூனைகள் இருந்தன. அங்கு பணிபுரிந்த ஞான் என்னும் பிரம்மச்சாரிக்கு அவற்றைப் பிடிக்காது. விரட்டுவார், சில வேளைகளில் அடிப்பார். அன்னை கல்கத்தாவுக்குப் புறப்படவேண்டிய நாள் வந்தது. ஊருக்குப் போகும் அவசரத்திலும் அன்னை அவரை அழைத்து, பூனைகளுக்கும் சேர்த்துச் சோறு சமைக்கும்படி கூறினார். இல்லாவிட்டால் அவை பிறர் வீடுகளுக்குப் போகும், அவர்கள் ஏசுவார்கள் என்றார். பூனைகளை அடிக்க வேண்டாம், அவற்றினுள்ளும் தாமே இருப்பதாக நினைவில் கொள்ளவேண்டும் என்றும் சொன்னார். அதன்பின் அந்தப் பிரம்மச்சாரியின் கை பூனைகள்மீது ஓங்கவில்லை.

இச்சிறு நிகழ்ச்சியை நிதானமாகப் பார்த்தால் ஒப்படைப்பதன் முழு இலக்கணமும் தெரியும். அன்னை பயணத்தை நிறுத்தவில்லை. பூனைகளைத் தூக்கிக்கொண்டு செல்லவும் இல்லை. முதலில், அவற்றின் அன்றாட உணவுக்கு வழி செய்தார். அடுத்து, அவற்றால் அண்டை வீட்டாருக்குத் தொல்லை நேராதபடி எண்ணிப்பார்த்தார். மூன்றாவதாக, பார்த்துக்கொள்பவரின் இயல்பை அறிந்திருந்தார். அவர் அடிக்கக்கூடியவர் என்பதை மறைக்காமல் நேரே பேசினார். இறுதியாக, வேலையோடு ஒரு பார்வையையும் அவருக்குத் தந்தார். அதனால் அந்த வேலை அவருக்குச் சுமையாக நிற்காமல் சாதனையாயிற்று.

பகவத்கீதையின் ஐந்தாம் அத்தியாயம் சமதரிசனத்தைக் கூறுமிடத்தில் பசு, யானை ஆகியவற்றோடு நாயையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அந்த உபதேசம் கல்கத்தாவுக்குப் புறப்படும் நாளில் பூனைச்சோறாக உருவெடுத்ததை அன்னையிடம் காண்கிறோம்.

பணம் கொடுத்தால் பொறுப்பு தீருமா?

காப்பகத்தில் கட்டணம் கட்டிய ரசீது கைக்கு வந்ததும் பலர் மனத்தில் ஒரு நிம்மதி பிறக்கிறது. “நாளொன்றுக்கு இவ்வளவு கொடுக்கிறோம், இனி அவர்கள் பாடு.” இந்த நிம்மதியைத்தான் ஐயத்தோடு பார்க்கவேண்டும். உழைப்பை விலைக்கு வாங்கலாம். பொறுப்பை விலைக்கு விற்க முடியாது. பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துக் கட்டணம் கட்டிய தந்தை, தந்தை என்ற நிலையிலிருந்து விலகிவிடுவதில்லை.

நமது நாட்டின் சட்டமும் ஏறக்குறைய இதையே கூறுகிறது. 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, பிராணியைத் தன் பராமரிப்பிலோ பொறுப்பிலோ வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதன் நலனுக்குத் தக்க நடவடிக்கை எடுக்கவேண்டியதைக் கடமையாக்கியது. 11-ஆம் பிரிவு, பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் தக்க காரணமின்றிப் பிராணியைக் கைவிடுவதைக் குற்றங்களுள் ஒன்றாக வைத்தது. முதல் முறை குற்றம் செய்பவருக்கு அச்சட்டம் விதித்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. 1976-இல் 42-ஆம் திருத்தத்தின் வழியே அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட அடிப்படைக் கடமைகளுள் எல்லா உயிர்களிடத்தும் கருணை காட்டுதலும் ஒன்று. ஐம்பது ரூபாய்க்கு அஞ்சி யாரும் கருணையுள்ளவர் ஆகப்போவதில்லை. சட்டம் இங்கே வழியைக் காட்டிவிட்டு, நடப்பதை மனசாட்சிக்கு விட்டுவிடுகிறது.

மனசாட்சி செய்யவேண்டியவை எளியவையே. காப்பகத்தின் வரவேற்பறையோடு நின்றுவிடாமல், பிராணிகள் உறங்கும் இடத்தைச் சென்று பார்க்கவேண்டும். தண்ணீர், நிழல், தரையின் தூய்மை, இரவில் ஆள் இருக்கிறாரா என்பது, அவசரத்துக்குக் கால்நடை மருத்துவர் அருகில் உண்டா என்பது ஆகியவற்றைக் கேட்டறியவேண்டும். வெறிநோய், பார்வோ போன்றவற்றுக்கான தடுப்பூசிகளை உரிய காலத்தில் போட்டிருக்கவேண்டும். இது தன் நாய்க்காக மட்டுமன்று. பல நாய்கள் சேர்ந்திருக்கும் இடத்தில் தொற்று எளிதில் பரவுமாதலால், பிறர் வளர்க்கும் உயிர்களுக்குச் செய்யும் கடமையும் ஆகும். நீண்ட பயணத்துக்கு முன் ஓரிரவு மட்டும் விட்டுப் பழக்கலாம். வீட்டின் வாசனையுள்ள பழைய விரிப்பு ஒன்றை உடன் வைக்கலாம். பூனைகள் பெரும்பாலும் இடத்தோடு ஒன்றிய இயல்புடையவை. அவற்றை வீட்டிலேயே விட்டு, அறிந்தவர் நாள்தோறும் வந்து கவனிக்கச் செய்வது பல வேளைகளில் நல்லது.

உண்மை பேசுவதும் இங்கே இன்றியமையாதது. நாய் கடிக்கும் என்பதையோ, அதற்கு வலிப்பு வருவதுண்டு என்பதையோ மறைத்து, இடம் கிடைத்தால் போதும் என்று விட்டுச் செல்வோர் உண்டு. அவர்கள் ஏமாற்றுவது காப்பக உரிமையாளரை மட்டுமல்ல. கூண்டைக் கழுவக் குனியும் பணியாளரின் கையைத்தான் அவர்கள் ஆபத்தில் வைக்கிறார்கள். அந்தப் பணியாளர் பெரும்பாலும் பிழைப்புத்தேடி வந்த ஏழை இளைஞர். நாய்க்குத் தனி உணவு கட்டிக்கொண்டு வருபவர், அவர் உண்டாரா என்று ஒரு சொல் கேட்டால் அதுவும் தர்மமே.

புரியாதவருக்குக் கொடுத்த வாக்கு

ஜெர்மானியத் தத்துவஞானி இமானுவேல் காண்ட் (1724–1804), விலங்குகளிடம் மனிதனுக்கு நேரடியான கடமை இல்லை என்று கருதினார். விலங்கிடம் கொடுமை பழகியவன் மனிதரிடமும் கொடியவனாவான். ஆகவே விலங்கிடம் அன்பாக இருப்பது மனித குலத்துக்குச் செய்யும் மறைமுகக் கடமை என்பது அவர் கொள்கை. பகுத்தறிவு உள்ளவரிடம் மட்டுமே கடமை உண்டு என்று தொடங்கினால் அங்குதான் வந்துசேர வேண்டியிருக்கும். வேதாந்தம் வேறிடத்தில் தொடங்குகிறது. எல்லா உயிர்களிலும் உறைவது ஒரே ஆத்மா என்பதால், நாய்க்குச் செய்வது நாய்க்கே செய்வதுதான். அதன் வழியாக வேறெவருக்கோ செய்வதன்று.

இதில் ஒரு நுட்பம் உண்டு. நண்பனிடம் “பத்து நாளில் வருவேன்” என்று சொல்லிவிட்டுப் போகலாம். அவன் நாட்களை எண்ணிக்கொண்டிருப்பான். நாயிடம் அதைச் சொல்ல வழியில்லை. காப்பகத்தின் வாசலில் திரும்பி நடக்கும் எஜமானர் பன்னிரண்டு நாளில் வருவாரா, வரவே மாட்டாரா என்பது அதற்குத் தெரியாது. விட்டுச் செல்வதற்கும் கைவிடுவதற்கும் உள்ள வேறுபாடு, விட்டுச் செல்பவரின் உள்ளத்தில் மட்டுமே இருக்கிறது. நாய்க்கு அந்தக் கணத்தில் இரண்டும் ஒன்றே.

புரிந்துகொள்ளாதவரிடம் கொடுத்த வாக்கு பலவீனமானது என்று தோன்றலாம். சிந்தித்தால் அதுவே மிகவும் வலியது. புரிந்துகொள்பவர் வாக்குத் தவறியவரைக் கேள்வி கேட்பார், ஊரில் சொல்வார், வழக்கும் தொடுப்பார். நாய் எதுவும் செய்யாது. எனவே அதனிடம் வாக்கைக் காப்பவர் தர்மத்துக்காக மட்டுமே காக்கிறார். கேட்க ஆளில்லாத இடத்தில் நடந்துகொள்ளும் முறையே ஒருவருடைய உண்மையான ஒழுக்கம். கைக்குழந்தையிடமும், நினைவிழந்த முதியவரிடமும் மனிதன் நடந்துகொள்ளவேண்டிய முறையும் இதுவே.

உடன் அழைத்துச் செல்வது எப்போதும் அன்பாகுமா?

சிலர் இதற்கு அஞ்சி, எங்கு சென்றாலும் பிராணியைத் தம்மோடு அழைத்துச் செல்கின்றனர். இயன்ற இடத்தில் அது நல்லதே. ஆனால் அதிலும் விவேகம் வேண்டும். மலையின் குளிரும் நெரிசலும் அதற்கு ஏற்றவையா, பிறருக்கு இடையூறு ஆகுமா என்று எண்ணவேண்டும். 2022 மே மாதம் பக்தர் ஒருவர் தம் நாயைக் கேதார்நாத்துக்கு அழைத்துச் சென்றது பெரும் விவாதமாகி, கோயில் குழு காவல்துறையில் புகார் அளிக்கும்வரை சென்றது. பக்தர் தம் பக்கத்தைச் சொன்னார், கோயில் குழு பக்தர்களின் உணர்வைச் சொன்னது. அந்தக் கூட்டத்தில் நாய்க்கு அமைதி இருந்ததா என்பதையும் கேட்டிருக்கலாம். பிரிவு தாங்காமல் தவிப்பது நாயா, எஜமானரா என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்வது நல்லது. தவிப்பது தாமே என்றால், அங்கே பரதரின் மான் எட்டிப்பார்க்கிறது.

மனிதர் பசித்திருக்கும் நாட்டில் நாய்க்கு இவ்வளவு கவலை தகுமா என்ற வினாவும் எழுவதுண்டு. ஏழைகளை நாராயணனாகக் கண்டு சேவை செய்யும்படி நாட்டுக்கு உபதேசித்த சுவாமி விவேகானந்தர், தம் இறுதி நாட்களில் பேலூர் மடத்தில் ஆடு, வாத்து, நாய் எனப் பல உயிர்களை வளர்த்தார். அவற்றுள் பாகா என்னும் நாய் ஏதோ குற்றம் செய்ததென்று கங்கையின் அக்கரைக்கு அனுப்பப்பட்டது. மாலையில் அது தானே படகில் ஏறிக்கொண்டு, விரட்டியும் இறங்காமல் இக்கரை வந்துசேர்ந்தது. விடியுமுன் நீராடச் சென்ற சுவாமிஜியின் காலடியில் சரணடைந்தது. அவர் அதைத் தட்டிக்கொடுத்து, இனி அதை மடத்திலிருந்து அனுப்பக்கூடாது என்று சொல்லிவிட்டார். பசித்த மனிதனுக்காகக் கண்ணீர் விட்ட அதே இதயம்தான் பாகாவுக்கும் இடம் கொடுத்தது. கருணை பகிர்ந்தால் குறையும் பண்டமன்று.

மானா கிராமத்தில்

துறவியின் கேள்விக்குப் பின் புனே தம்பதியர் பயணத்தை இரண்டு வாரம் தள்ளிவைத்தனர். காப்பகத்துக்கு இருவருமே சென்றனர். உள்ளே சென்று பார்த்தனர். அங்கு வேலை செய்யும் இளைஞரின் பெயரைக் கேட்டறிந்தனர். மோத்தி இடிச்சத்தத்துக்கு அஞ்சும், இடக் காதைத் தொட்டால் உறுமும் என்று சொன்னார்கள். முதலில் ஒரு நாள் பகல் முழுதும், பிறகு ஓரிரவும் விட்டுப் பார்த்தார்கள். முதல் இரவு மோத்தி உண்ணவில்லை. மறுநாள் அந்த இளைஞர் அருகில் அமர்ந்து, தம் ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தபோது உண்டது. பிறகே தம்பதியர் புறப்பட்டனர்.

பத்ரிநாதரைத் தரிசித்தபின் அருகிலுள்ள மானா கிராமத்துக்குச் சென்றனர். சரஸ்வதியின் மேல் கிடக்கும் பெரும் பாறையைக் காட்டி அதைப் பீமன் பாலம் என்றார் வழிகாட்டி. அதற்கப்பால் சதோபந்த் ஏரியின் வழியே சுவர்க்காரோகிணியை நோக்கிச் செல்லும் பாதையைக் காட்டி, தருமரும் நாயும் நடந்த வழி அது என்று பரம்பரையாகச் சொல்லப்படுவதைக் கூறினார். அம்மையார் நெடுநேரம் அப்பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார். “ஊருக்கு ஒருமுறை பேசிவிடலாம்” என்று முதலில் சொன்னவர் கணவர்தான். தொலைபேசியில் காப்பகத்தின் பெயரைச் சொல்லவில்லை. அந்த இளைஞரின் பெயரைச் சொல்லி அழைத்தார். அவர் நலம் கேட்டார், பிறகு மோத்தியின் நலம் கேட்டார்.

திரும்பி வந்த நாளில் மோத்தி ஓடிவந்து இருவரின் கைகளையும் முகர்ந்தது. வண்டியில் ஏறுமுன் ஒருமுறை திரும்பி அந்த இளைஞரைப் பார்த்து வாலாட்டியது. அம்மையாரின் கேள்விக்கு அதுவே விடையாயிற்று.

வீட்டை விட்டுச் செல்ல வேண்டிய வேளை யாருக்கும் வரும். ஒரு நாள் இந்த உடலை விட்டும் செல்லவேண்டும். அன்றும் நம்பியிருப்பவரை யார் கையிலாவது ஒப்படைத்துத்தான் செல்லவேண்டும். சிறிய பயணங்களில் ஓர் எளிய உயிருக்காக இதைச் செவ்வனே பழகியவர், அந்தப் பெரிய பயணத்திலும் கலங்கமாட்டார். எல்லா உயிர்களின் உள்ளும் இருந்து காப்பவன் ஒருவனே. அவன் கையில்தான் ஒப்படைக்கிறோம் என்ற நம்பிக்கையும், அவனுக்கே செய்கிறோம் என்ற பொறுப்பும் சேர்ந்திருக்கும் இடத்தில், விட்டுச் செல்வது ஒருபோதும் கைவிடுவதாகாது.